ஒரு சொல்லையும் விடாதவர்

அவர் மொழிபெயர்ப்பாளராக வந்த முதல் நாளே எங்கள் அதிகாரியின் முகம் சிவந்துபோயிற்று.

சாணக்யபுரியில் ஒரு மேலைநாட்டுத் தூதரகம். அகதிகளில் யாரைத் தங்கள் நாட்டுக்கு அழைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் பிரிவில் நான் கோப்புகளைக் கவனிக்கும் உதவியாளராக இருந்தேன். தமிழ்நாட்டு முகாம்களில் வருஷக்கணக்காக இருக்கும் இலங்கைத் தமிழர்கள், நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் ரயிலேறி தில்லிக்கு வருவார்கள். பஹாட்கஞ்சில் ஏதாவது ஒரு விடுதியில் தங்கி, இருப்பதில் நல்ல உடையை உடுத்திக்கொண்டு, காலையிலேயே எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். உள்ளே ஒரு சிறிய அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் விண்ணப்பித்தவர், ஓரத்தில் நான். நடுவில் மொழிபெயர்ப்பாளர்.

அன்றைக்கு வந்தவர் கணவர் காணாமல்போன ஒரு பெண். அவர் நாற்காலியில் உட்காரும்போதே அதிகாரி என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "தண்ணீர் எடுத்து வை, இனி அழுகை ஆரம்பிக்கும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நாள் முழுக்கத் துயரக் கதைகளைக் கேட்பவர்களுக்கு வந்துவிடும் ஒரு பேச்சு அது. நானும் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனேன்.

புதிதாக வந்த அந்த அம்மாள் விண்ணப்பதாரர் பக்கம் திரும்பி, அதே குரலில், தமிழில் சொன்னார்.

"'தண்ணி எடுத்து வை, இனிமே அழுகை ஆரம்பிக்கும்'னு ஆபீசர் அவங்ககிட்ட சொல்லுதாரு."

அந்தப் பெண் கைக்குட்டையைக் கையில் எடுத்திருந்தார். அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். கணவரைக் கூட்டிக்கொண்டு போன வண்டியின் நிறத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான் வைத்த தண்ணீரைத் தொடவும் இல்லை.

பிறகு அதிகாரி, "அதை நான் மொழிபெயர்க்கச் சொல்லவில்லையே" என்றார்.

"அவங்களுக்கு இங்கிலீஷ் தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பாங்க. தெரியாததுக்காக அவங்க காதுல குறைச்சு விழணுமா?" என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டார். கோபமே இல்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஐம்பதைத் தாண்டியவர். திருநெல்வேலிப் பக்கம். கணவர் மத்திய அரசு ஊழியராக இருந்து இறந்துபோக, கருணை அடிப்படையில் கிடைத்த வேலையில் சேர்ந்து, இந்தியும் ஆங்கிலமும் பிடிவாதமாகக் கற்று, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவர். கிட்வாய் நகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி முன்பு குடியிருந்தவர் என்பதால் எனக்கு அவரை ஏற்கெனவே தெரியும். தெரியும் என்பதைவிட, அவரைப் பார்த்தால் என் அம்மா தெருவின் எதிர்ப்புறம் போய்விடுவாள் என்று சொல்வது சரியாக இருக்கும்.

அதற்குக் காரணம் எங்கள் காலனியில் நடந்த ஒரு பெண் பார்க்கும் நிகழ்ச்சி. மாப்பிள்ளை வீட்டார் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பெண் வீட்டார் ஆரணியிலிருந்து வந்திருந்தார்கள், இந்தி தெரியாது. மாப்பிள்ளையின் தாயார் மகளிடம் சிரித்தபடியே இந்தியில், "கறுப்புதான், ஆனால் வேலைக்காரி வைக்க வேண்டியிருக்காது" என்றாள். அக்கா கையில் கேசரித் தட்டோடு அதை அப்படியே பெண்ணின் அப்பாவிடம் தமிழில் சொன்னார். சம்பந்தம் அங்கேயே முடிந்தது. அந்தப் பெண் பிறகு எங்கோ நன்றாக இருப்பதாகக் கேள்வி. ஆனால் எங்கள் காலனியில் யாரும் அக்காவை அதற்கப்புறம் விசேஷத்துக்குக் கூப்பிடவில்லை. காய்கறிக் கடைக்காரப் பையா தன் ஆளிடம், "மதராஸி அம்மாவுக்குப் பழசைப் போடு" என்று இந்தியில் சொன்னால், பக்கத்தில் நிற்கும் தமிழம்மாவிடம் அக்கா சொல்வார். அந்த அம்மா பதிலுக்குத் தமிழில் திட்டினால் அதையும் கடைக்காரரிடம் இந்தியில், ஒரு வசவும் குறையாமல், சொல்வார். சொல்லி முடித்ததும் தன்னுடைய வெண்டைக்காயைப் பொறுக்கத் தொடங்கிவிடுவார். சண்டை மூட்டுவதில் அவருக்கு எந்த ருசியும் இருந்ததில்லை. அதுதான் எல்லோரையும் இன்னும் சங்கடப்படுத்தியது.

அலுவலகத்தில் அவரை மாற்றிவிட நினைத்தார்கள். ஆனால் அவர் மொழிபெயர்த்த எந்த நேர்காணலிலும் யாரும் குற்றம் சொல்ல முடியவில்லை. "என்னை அடித்தார்கள்" என்று ஒருவர் சொன்னால், மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் "அவரை அடித்தார்களாம்" என்பார்கள். அக்கா, "என்னை அடித்தார்கள்" என்பார். கெட்ட வார்த்தை வந்தால் கெட்ட வார்த்தை. திக்கினால் திக்கல். ஒருவர் பேச்சை நிறுத்திச் சுவரைப் பார்த்தால் அக்காவும் நிறுத்திவிடுவார். அந்த மௌனத்தில் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தால், "நேரம் ஆச்சான்னு பாக்காரு" என்று அதையும் சொல்லிவிடுவார்.

ஆகவே நாங்கள் வேறொரு வழி கண்டுபிடித்தோம். அறைக்குள் பேசுவதைக் குறைத்துக்கொண்டோம். ஏதாவது சொல்லவேண்டுமென்றால் அதிகாரி என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிடுவார். "எல்லாரும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்" என்பதை அங்கே நின்று சொல்வார். "ஆமாம் சார்" என்பதை நானும் அங்கே நின்று சொல்வேன். திரும்பி அறைக்குள் நுழையும்போது அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். கேட்காததை அவரால் மொழிபெயர்க்க முடியாது. விண்ணப்பதாரரிடம், "வெளிய போய்ப் பேசிட்டு வந்தாங்க. என்னன்னு எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்வார். அந்த ஒரு வரி என் கழுத்தைக் கீழே அழுத்தும். நானும் தமிழ் என்று கண்டுகொண்டுதான் அவர்கள் உள்ளே வரும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பிறகு அந்த ஆள் வந்தார்.

முப்பதைத் தாண்டியவர். மனைவியும் ஏழெட்டு வயதுப் பெண்ணும் கூட வந்திருந்தார்கள். அவருடைய கூடப்பிறந்த அக்கா ஒருத்தி எங்கள் தூதரகத்தின் நாட்டில்தான் இருந்தாள். தம்பி குடும்பத்தைப் பொறுப்பேற்றுக்கொள்வதாக எழுதிக்கொடுத்திருந்தாள். எல்லாம் சரியாக இருந்த கோப்பு. மனைவியும் மகளும் வெளியே காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே சுவரில் ஒரு பெரிய சுவரொட்டி இருக்கும். துப்பாக்கி பிடித்த ஒரு சிறுவனின் நிழல். போரில் குழந்தைகளைப் பயன்படுத்துவது மனிதகுலத்துக்கு எதிரான செயல் என்று கீழே எங்கள் நாட்டின் இலச்சினையோடு ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். 'எங்கள் நாடு' என்று நான் சொல்லிப் பழகிவிட்டேன். அது என் நாடு இல்லை.

வழக்கமான கேள்விகளில் ஒன்றாக அதிகாரி கேட்டார்: எப்போதாவது ஆயுதக் குழு எதிலாவது இருந்திருக்கிறீர்களா, உதவியிருக்கிறீர்களா?

"இல்லை" என்றார் அவர்.

அதிகாரி கணினிப் பக்கம் திரும்பித் தட்டச்சு செய்யத் தொடங்கினார். அந்த இடைவெளியில் அந்த ஆள் அக்காவின் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் பேசினார்.

"அக்கா, எனக்குப் பதினைஞ்சு வயசில இயக்கம் பிடிச்சுக்கொண்டு போனது. டியூசன் முடிஞ்சு வரேக்க வாகனத்தில ஏத்தினவை. பங்கருக்குக் குழி வெட்ட விட்டவை. நான் ஓடி வந்திட்டன். இதைச் சொன்னா விடமாட்டினம் எண்டு முகாமில எல்லாரும் சொன்னவை. நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ. மனசில வைச்சிருக்கேலாம உங்களிட்டச் சொல்லிட்டன்."

எனக்கும் அது கேட்டது. நான் ஒன்றும் கேட்காத மாதிரி கோப்பைப் புரட்டினேன். அக்கா விட்டுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் இரண்டு கைகளையும் முழங்கால்மீது வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அவர் அப்படித் தயங்கி நான் பார்த்ததே இல்லை. பிறகு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"அக்கா, எனக்குப் பதினைந்து வயதில் இயக்கம் என்னைப் பிடித்துக்கொண்டு போனது."

கடைசி வரி வரைக்கும் சொன்னார். நீங்கள் சொல்லிவிடாதீர்கள் என்பதையும், மனதில் வைத்திருக்க முடியவில்லை என்பதையும் சொன்னார்.

அதிகாரியின் விரல்கள் நின்றன. அந்த ஆளுக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. ஆனால் 'ஃபிஃப்டீன்' தெரியும். அவர் அக்காவைப் பார்த்தார். திட்டவில்லை. நாற்காலியை மட்டும் அக்காவிடமிருந்து சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் இதைக் கேட்கும் ஆசை இல்லை. அந்தத் தகவல் இல்லாமலே அவர் சம்மதித்திருப்பார். இப்போது காதில் விழுந்துவிட்டது, எழுதித்தான் ஆகவேண்டும். விவரமாகக் கேட்டார். அந்த ஆள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தப்பி ஓடும்போது முள்கம்பி கிழித்த தழும்பைச் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பிடித்துக்கொண்டு போகப்பட்ட குழந்தை என்பதை யாரும் மறுக்கவில்லை. உண்மையை மறைத்தார் என்பதுதான் காரணம். சுவரொட்டியில் இருந்த சிறுவனும் இவரும் ஒன்றுதானே என்று நான் கேட்கவில்லை. நான் கேட்டிருந்தாலும் தாழ்வாரத்தில்தான் கேட்டிருப்பேன்.

முடிவைச் சொன்ன அன்று, நாங்கள் சொல்வதற்கு முன்பே அக்கா வாசலுக்குப் போய் அவருடைய மனைவியிடம், "உங்க வீட்டுக்காரர் ரகசியமாச் சொன்னத நான்தான் ஆபீசர்ட்ட சொன்னேன்" என்று சொல்லியிருக்கிறார். நான் போனபோது அவர்கள் இருவரும் இரும்புக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார்கள்.

"நீங்களும் தமிழ்தானே அக்கா" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா."

"பிறகு எப்பிடி?"

 அந்தப் பெண் காத்துக்கொண்டு நின்றாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள் போலிருந்தது. கடைசியில் கணவர் வந்து அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று பஸ் நிறுத்தத்தில் அக்காவின் பக்கத்தில் நின்றேன். மனது பொறுக்காமல், "ஒரு தடவை விட்டிருக்கலாமேக்கா" என்றேன்.

"எத விடணும், எதச் சொல்லணும்னு முடிவு பண்ண நான் யாரு?" என்றார். பஸ் வந்தது, ஏறவில்லை. "எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில கெடந்தாருலா. எனக்கு அப்ப இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. டாக்டர் வந்து என்னமோ சொன்னாரு. எங்க கொழுந்தன்தான் எனக்குச் சொல்லுவான். 'தேறிருவாராம் மதினி, நீங்க வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கி வச்சிட்டு வாங்க'ன்னான். நானும் போய்ப் பொங்கினேன். ரசம் வேற வச்சேன். திரும்பி வந்தா துணி போட்டு மூடியிருக்கு. டாக்டர் சொன்னது என்னன்னா, இன்னிக்குத் தாண்டாது, பக்கத்துல இருக்கச் சொல்லுங்கன்னு. அவன் பாவம், என் மேல உள்ள பாசத்துலதான் மாத்திச் சொன்னான்."

இன்னொரு பஸ் வந்து போயிற்று.

"அதுலேர்ந்து நான் யாருக்கும் அப்படிச் செய்யமாட்டேன்னு இருந்தேன். இன்னிக்கு அந்தப் பிள்ள கேக்கும்போது, நான் செஞ்சது சரிதானான்னு எனக்கே தெரியல."

அதற்கப்புறம் அவர் ஒவ்வொரு நேர்காணலையும் ஒரு எச்சரிக்கையோடு ஆரம்பித்தார். "என் மூஞ்சியப் பாத்து ஏமாந்துராதீங்க. உங்க ஆளு மாதிரிதான் இருப்பேன். ஆனா என்னட்ட சொன்னா ஆபீசர்ட்ட சொன்ன மாதிரி." கேட்டவர்கள் அதிகாரியைவிட அவரைப் பார்த்து அதிகம் பயந்தார்கள். தன்னைப் பார்த்து அவர்கள் பயப்படுவதை அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள் பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனார். நானும் ஏதோ கோப்போடு அங்கே இருந்தேன். அக்கா தலைவரிடம், அந்த ஆள் சொன்ன சொற்களைத்தான் நான் கொடுத்தேன், அவர் குரலைக் கொடுக்க முடியவில்லை, அது பதினைந்து வயதுப் பையனின் குரலாக இருந்தது, அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார். தலைவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: மொழிபெயர்ப்பாளருக்குக் கருத்து இருக்கக் கூடாது.

"அச்சா" என்றார் அக்கா. "அப்ப இன்னிலேர்ந்து நான் மொழிபெயர்ப்பாளர் இல்லை."

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். குரலைப் பற்றி மறுபடியும் சொன்னார். தலைவர் கேட்டுக்கொண்டார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

அவருக்குப் பதிலாகக் கரோல் பாகிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். நல்ல பையன். தேவையானதை மட்டும் இதமாகச் சொல்வான். அறைக்குள் மறுபடியும் பேச்சும் சிரிப்பும் வந்தன. தாழ்வாரத்துக்குப் போகவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. எனக்கும்தான்.

அக்கா சும்மா இருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஜங்புராவில் அகதிகள் வழக்கைப் பார்க்கும் ஒரு பெண் வக்கீலைத் தேடிப் பிடித்து, முகாமுக்கு இரண்டு தடவை போய் வந்து, அந்த ஆளுக்காக மறுபரிசீலனை மனு போட வைத்திருக்கிறார். முதல் தடவை போனபோது அந்த வீட்டில் அவருக்கு உட்காரப் பாய் போட்டார்களாம், யாரும் பேசவில்லையாம். இரண்டாம் தடவை டீ கொடுத்தார்களாம்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. முடிவு வந்தபோது அதை உறையிலிட்டு அனுப்பியது நான்தான். மனைவிக்கும் மகளுக்கும் மனிதாபிமான அடிப்படையில் அனுமதி வழங்கப்படுகிறது. கணவரைப் பொறுத்தவரை முந்தைய முடிவில் மாற்றமில்லை. ஒரு குடும்பத்தை நடுவில் பிளந்து, அதற்கு மனிதாபிமானம் என்று பெயர் வைத்த அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை.

போவதா வேண்டாமா என்று அவர்கள் எப்படி முடிவு செய்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. மகள் முகாமில் வளரக்கூடாது என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தாராம். பயண ஆவணங்களை விமான நிலையத்தில் நேரில் கொடுப்பது எங்கள் அலுவலக வழக்கம் என்பதால் நான் போயிருந்தேன். மத்தியான வெயில். அக்காவும் வந்திருந்தார். அவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி, தூண் ஓரமாக நின்றிருந்தார். யார் கூப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே போகமுடியாது. நுழைவாயிலில் மகள் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். தாய் இழுத்தாள். பின்னால் வரிசை நின்றுபோயிற்று. தள்ளுவண்டிகள் இடித்துக்கொண்டன. வாசலில் இருந்த காவலர் சலித்துப்போய், கையை வீசி, இந்தியில் உரக்கச் சொன்னார்: "விட்டுட்டுப் போறதுன்னு முடிவாச்சு, அப்புறம் எதுக்கு இந்த நாடகம். நகருங்க."

மகள் திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு தூண் பக்கம் திரும்பினாள்.

"அன்ரி, அந்த மாமா என்ன சொல்லுறார்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அக்கா தூணை விட்டு வந்தார். குழந்தையின் முன்னால் குனிந்து, அதன் பையின் வாரைச் சரிசெய்தார்.

"'பயப்படாமப் போயிட்டு வா பாப்பா, அப்பா பின்னாலேயே வந்துருவாரு'ன்னு சொல்லுதாரு."

சிறுமி கொஞ்சம் யோசித்தாள். அப்பாவை விட்டாள். காவலரிடம் போய், முகாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி நிமிர்ந்து நின்று, "தேங்க் யூ அங்கிள்" என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வீசிய கை இறங்கிவிட்டது. எதற்கு நன்றி என்று எங்களைப் பார்த்து இந்தியில் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை, அக்காவும் திறக்கவில்லை. அவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி, அவர்களுடைய தள்ளுவண்டியைத் தானே உள்ளே தள்ளிவிட்டார். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

அந்த ஆளுக்கு இந்தி தெரியாது. ஆனால் காவலரின் குரலும் வீசிய கையும் எந்த மொழிக்காரருக்கும் புரியும். அவர் கதவைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருக்கும் தமிழ் தெரியும். யாரும் எதுவும் பேசவில்லை.